சம்பந்தி வீட்டு மாட்டுக்கு ஒரு மூட்டை

சின்னசேலத்தில் பஸ் ஏறியவர் மடிப்புக் கலையாத வேட்டியில், மடிமேல் ஒரு பிளாஸ்டிக் மூட்டையோடு என்னருகே உட்கார்ந்தார். அடிக்கொரு தரம் அதைப் பிரித்து முகர்ந்தார். உடனே இறுக்கிக் கட்டினார். பஸ்ஸெல்லாம் புளிப்பு வாசனை. என்னவென்று கேட்டேன்.

“மக்காச்சோள சைலேஜுங்க. கதிரோட பச்சையா அறுத்து, நறுக்கி, காத்து போவாம மூடி புளிக்கவெச்சது. பொண்ணுக்குக் குடுத்த மாடு பால் கம்மின்னு சம்பந்தி வூட்ல குத்தம் சொல்லிக்கினு இருக்காங்க. அவங்க கதிரை வித்துட்டு வெறும் சோளத்தட்டைய போட்டா அதுல இன்னா சத்து இருக்கும்?”

“ஒரு மூட்டை போதுமா?”

“அவங்க தட்டையையும் இதையும் மாட்டு முன்னால வெப்பேன். மாடு எதுல வாய் வெக்குதுன்னு அவங்களே பாக்கட்டும்.”

ஊர் வந்ததும் மூட்டையைச் சீர்த்தட்டு போல இரு கைகளிலும் ஏந்தி இறங்கினார். மாடு எதில் வாய் வைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சம்பந்தி அதற்குப் பிறகு வாய் திறந்தாரா என்பதுதான் தெரியவில்லை.