ஒன்றாம் நம்பர் வாழ்த்து

வளைகாப்பு வாழ்த்து எழுதிக் கொடுக்கும் தொழிலில் உள்ள பெரிய கஷ்டம், மனசிலிருந்து வரும் வார்த்தை வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள் மனசை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவதுதான்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேன்சி கடையில் எனக்கு வேலை. சுவர் மணிக்கூடு, பூச்சாடி, பொம்மை, குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின் எல்லாம் விற்கிறோம். பொருள் எடுத்துக் கொடுக்கத்தான் சேர்ந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று முதலாளி கண்டுபிடித்த நாளில் மூலையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். சந்தியா என்ற பெண் பரிசைச் சுற்றி ரிப்பன் கட்டி முடிப்பதற்குள் நான் கார்டில் நாலு வரி எழுதிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்த பிறகு வளைகாப்புக்கு ‘பேபி ஷவர்’ என்று பெயர் வந்திருக்கிறது, பலூன் வந்திருக்கிறது. எழுதுகிற ஆள் மட்டும் மாறவில்லை.

என் வீட்டுக் கதையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள், கௌசல்யா. ஒன்றரை வருடமாக அவளும் நானும் பேசாமல் இருந்தோம். அதற்குள் அவளுக்கு ஏழாம் மாதமும் ஆகிவிட்டது. யார் யாருடைய பிள்ளைகளுக்கோ பகல் முழுக்க உருகி உருகி எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். வெளியில் நாளெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு வீட்டில் உம்மென்று இருக்கும் வாசகர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு விளங்கும்.

அளவாக அழ வேண்டும்

பசறைப் பக்கத்திலிருந்து ஒருவர் தங்கைக்குப் பேசின் வாங்க வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். கார்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். “நல்லா எழுதுங்க” என்றார். தங்கையைப் பற்றி ஏதாவது சொன்னால் அதை வைத்து எழுதலாமே என்றேன். கூரையைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார். “சண்ட புடிப்பா” என்றார். வேறு? “நல்லா சண்ட புடிப்பா.”

இந்த ஒரு சரக்கை வைத்துக்கொண்டு நான் பாசமலர் கட்ட வேண்டும். ‘என்னோடு சண்டை போட ஆளில்லாமல் வீடு அமைதியாகிவிட்டது’ என்று எழுதி நீட்டினேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண் கொஞ்சம் கலங்கியது போலத்தான் இருந்தது. அப்புறம் கார்டைத் திருப்பி மேசையில் வைத்தார்.

“இன்னும் கொஞ்சம் உருக்கமா வேணும்ண்ணே, படிச்சா அழுதுறணும். ஆனா ரொம்ப அழவும் கூடாது, ஏழு மாசம்.”

கொப்பியின் முதல் பக்கம்

ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கார்டுக்குப் புதிது புதிதாக உருக என்னால் முடியாது. யாராலும் முடியாது. ஒரு கொப்பியில் மூன்று வாழ்த்து எழுதி நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது வேலை செய்யும் இடத்து நண்பர்களுக்கு. இரண்டாவது மாமியார் வீட்டுக்காரர்களுக்கு. அதில் பாசம் கொஞ்சம் குறைவு. ஒன்றாம் நம்பர்தான் எல்லாரும் கேட்பது: ‘உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது என் விரலைப் பிடித்துக்கொண்டாய். இனி உன் விரலைப் பிடிக்க ஓர் ஆள் வருகிறது.’

அது நான் கற்பனை பண்ணி எழுதியதில்லை. கௌசல்யா பிறந்த அன்று பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளை என் கையில் கொடுத்தபோது, கண்கூடத் திறக்காமல் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதை அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நூறு தடவை அவளிடம் சொல்லியிருப்பேன். இந்த மேசையில் உட்கார்ந்த முதல் நாள், ஒரு பெரியம்மா அவசரமாக நின்றபோது வேறெதுவும் தோன்றாமல் அதைத் தூக்கிக் கொடுத்தேன். பெரியம்மா அழுதுவிட்டார். அன்றிலிருந்து அது சரக்காகிவிட்டது. இப்போதெல்லாம் சந்தியா ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்கிறாள்.

“அண்ணே, இவங்களுக்கு ஒன்னா, ரெண்டா?”

மணிக்கூடு வாங்க வந்தவர்கள்

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, வெலிமடையிலிருந்து இரண்டு பெண்கள் கல்யாணப் பரிசுக்கு மணிக்கூடு வாங்கினார்கள். மாப்பிள்ளை மரக்கறி லொறி ஓட்டுகிற பையனாம். பெண்ணின் பெயர் கேட்டேன். கௌசல்யா என்றார்கள். அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். அது என் பெயர்.

வாசகர்களே, நான் எழுதி முடித்தேன். கையெழுத்து கோணவில்லை. லொறி ஓட்டுகிற பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நான் மட்டும் என்ன துரை வேலையா பார்க்கிறேன்? அங்கே வேலைக்குப் போய்த் தங்கியிருந்த என் மகள் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், வெலிமடை முழுக்கத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. நான் கத்துவேன் என்று பயந்தாளாம். கத்தத்தான் செய்திருப்பேன். இருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. கார்டை வாங்கிக்கொண்ட பெண், என்னை யாரென்று தெரியாமல், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

“அப்பாகாரருக்கு மட்டும் இன்னும் சொல்லலியாம், பாவம்.”

பேரனே வருக

மருமகள் வளைகாப்புக்கு ஒரு மாமியார் கார்டு வாங்க வந்தார். ‘பேரனே வருக’ என்று பெரிதாக எழுதச் சொன்னார். என்ன பிள்ளையென்று இன்னும் தெரியாதே அம்மா என்றேன். எங்களுக்குத் தெரியும் என்றார். வாக்குவாதம் பண்ண எனக்குத் தெம்பில்லை, மத்தியானச் சோறும் சாப்பிடவில்லை. எழுதினேன். பேரனுக்குப் பக்கத்தில் ஒரு பூவும் போடச் சொன்னார். போட்டேன். வாசல் வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“பொம்பளப் புள்ளயா இருந்தா இதக் கொண்டாந்தா மாத்தித் தருவீங்கதானே?”

மைக்கில் வந்த விரல்

தோட்டங்களில் விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கட்டுவார்கள், யார் என்ன பரிசு கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். அது எனக்குத் தெரியும். கார்டு ஒட்டியிருந்தால் அதையும் பிரித்து மைக்கில் வாசிக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியாது. பெட்டிக்குள் கிடக்கிற கார்டை அந்தப் பெண் தனியாக ஒரு நாள் படிப்பாள் என்று நினைத்துத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒருவர் கடைக்குள் வந்து மூன்று கார்டுகளை என் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினார். மூன்றும் என் கையெழுத்து. மூன்றும் ஒன்றாம் நம்பர். ஒரே வளைகாப்பு. சந்தியா ரிப்பன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு ஊருக்கு ஒரு தடவைதான் ஒன்றாம் நம்பர் என்று சட்டம் போட்டு, எந்த ஊருக்குப் போயிற்று என்பதைக் கொப்பியின் ஓரத்தில் குறித்து வைக்கிறோம். வந்தவர் மன்னித்தாரா என்று தெரியவில்லை.

“எங்க அக்கா பொறந்தப்ப அவ புடிச்சது மூனு பேரு விரலாம், மைக்ல கேட்டு லயத்து வீடெல்லாம் சிரிக்குது. அதுல ஒருத்தரு எங்க அக்காவ விட ரெண்டு வயசு சின்னவரு!”

குவைத்திலிருந்து நாலு நிமிடம்

ஹாலிஎலயிலிருந்து ஒரு பெண் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அவளுடைய அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அக்கா மகளுக்கு வளைகாப்பு, அக்காவால் வர முடியாது. கார்டில் எழுத வேண்டியதை நாலு நிமிடம் குரலில் பேசி அனுப்பியிருந்தாள். போட்டுக் கேட்டேன். சுடுதண்ணி குடி. பின்பக்கப் படியில் இறங்காதே, மழைக்குப் பாசி பிடித்திருக்கும். பச்சைப் போர்வை பெட்டிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள். கருவாட்டு வாடை வந்தால் பக்கத்து வீட்டுக் காம்பராவில் போய் உட்கார். நாலு நிமிடமும் இதுதான்.

இதில் வாழ்த்து எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ‘கடல் கடந்தாலும் தாயின் நெஞ்சம்’ என்று ஆரம்பித்து எழுதி, வாசித்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பின்னால் யாரோ அரபியில் அதட்டும் சத்தம், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“நா சொன்னத அப்பிடியே எழுதுங்கண்ணே. அழகா எழுதுனீங்கன்னா அது அம்மா இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்.”

வரிசையில் என் மனைவி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மேசைக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். நாலாவது ஆள் என் மனைவி சரோஜா. கையில் ஒரு சேலைப் பொட்டலம், கண்ணாடி வளையல் பெட்டி. தன் முறை வரும்வரை சும்மா நின்றாள். முறை வந்ததும், “வளைகாப்புக்கு ஒரு கார்ட். மக பேரு கௌசல்யா. அம்மா, அப்பான்னு கீழ போடுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெலிமடையில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. அது முடிந்தால் தாயும் தகப்பனும் போய்ப் பிள்ளையை முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், அதுதான் முறை. ஒரு வாரமாக சரோஜா இதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ போய்க் கூட்டிவா என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். தகப்பன் இல்லாமல் அவள் வரமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். இதை வீட்டில் கேட்டிருக்கலாமே என்று குனிந்து முணுமுணுத்தேன். அவள் முணுமுணுக்கவில்லை. கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

“வீட்டுல கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்க. இங்க வந்து நின்னா எழுதித்தானே ஆகணும், அதுதானே ஒங்க வேல.”

வெலிமடையிலிருந்து ஒரு போன்

எழுதினேன். ஒன்றாம் நம்பரைத்தான் எழுதினேன். கொப்பியைப் பார்க்கவில்லை. யாருக்கு எத்தனை தடவை கொடுத்திருந்தாலும் அது அவளுடையது, அவளுக்கே இல்லாமல் போனால் எப்படி என்று நினைத்தேன். கார்டு போகிறதே, நான் போகாவிட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சரோஜா தனியாக பஸ் ஏறினாள். நான் கடையில் உட்கார்ந்து அடுத்தவன் தங்கச்சிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதுவும் ஓடவில்லை. மூன்று கார்டைக் கிழித்துப் போட்டேன்.

மூன்று மணிபோல போன் அடித்தது. சரோஜாவின் நம்பர். எடுத்தால் கௌசல்யா. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் “அப்பா” என்றது. “எங்க நாத்தனா குடுத்த கார்ட்டையும் ஒங்க கார்ட்டையும் ஒன்னுக்குப் பின்னால ஒன்னு மைக்ல வாசிச்சாங்க. ரெண்டும் ஒரே வரி. எல்லாரும் சிரிச்சாங்கப்பா” என்றாள். சந்தியாவைப் பார்த்தேன். நான் காய்ச்சலில் லீவு போட்ட அன்று அந்த நாத்தனார் வந்திருக்கிறார். இரண்டாம் நம்பர் வேண்டாம், ஒன்றாம் நம்பர்தான் வேண்டும் என்று அவர் நின்றிருக்கிறார். வெலிமடைக்கு அது இன்னும் போகவில்லை என்று கொப்பியின் ஓரத்தைப் பார்த்து, நான் போட்ட சட்டப்படிதான் சந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

“அது ஒன்னோடதும்மா. நீ பொறந்த அன்னிக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்ப்பா. எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. அதத்தான் ஊருக்கெல்லாம் குடுத்துட்டீங்களே” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஏழு மாசம், ரொம்ப அழக் கூடாது என்று அந்தப் பசறைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. மன்னிச்சிரு தாயி என்றேன். என் தொழிலில் இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுக்காத வார்த்தை அது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நா அம்மாகூட வரலப்பா. நீங்க வந்து கூப்புடுங்க. கார்ட் ஒன்னும் எழுதிக்கிட்டு வராதீங்க, சும்மா வாங்க.”

\*

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட்டி வந்தேன். வெலிமடையிலிருந்து பதுளை வரைக்கும் வேன் வளைகிற இடமெல்லாம் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள், இதை உங்களிடம் சொல்கிறேனே தவிர இனி எந்தக் கார்டிலும் எழுதுவதாக இல்லை.