ஏசியை நிறுத்திவிட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

நானும் அக்காவும் சேர்ந்து வீட்டு எலிவேஷன் தொழில் செய்கிறோம். வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் வீடு எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் வீடியோவாகச் செய்துகொடுப்போம். வாசலில் நுழைந்து மொட்டைமாடிவரை நடந்துபோவது போல இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இருந்து படங்களை உருவாக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டு; எங்கள் பழைய கார்டுக்கு ஒரு வீடியோ முடிக்க ஒரு பகல் போதாது. போன சித்திரையில் வேலைகள் அடுத்தடுத்து வந்து விழுந்தபோது, உயர்தரக் கார்டு வாங்கியே தீர்வது என்று முடிவெடுத்தோம்.

அன்று தொடங்கியது சண்டை. எந்த சிப் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் சிப்பைச் செய்வது ஒரு கம்பெனி. அதை வாங்கி, விசிறி பொருத்தி, தன் பெயர் போட்டு விற்பவை பல கம்பெனிகள். வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், விலைதான் எங்கெங்கோ நிற்கிறது. அக்காவுக்கு வண்ண விளக்கு ஓடுகிற, இருப்பதிலேயே விலை கூடிய கார்டின்மேல் கண். எனக்கு இருப்பதிலேயே மலிவானது.

"லைட்டு எரியறதுக்கெல்லாமா காசு குடுப்பாங்க? நாம என்ன தேரா இழுக்கப் போறோம்?" என்றேன்.

"சூடு தாங்காம உன் கார்டு படுத்துடுச்சுன்னா, நீ கையால வரைஞ்சு குடுப்பியாடி?" என்றாள் அக்கா.

கம்ப்யூட்டர் கேபினெட்டையே மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் ஸ்கூட்டரில் தஞ்சாவூருக்குப் போனோம். கடைக்காரர் காட்சிக்கு வைத்திருந்த கார்டுகளை எங்கள் மெஷினிலேயே மாட்டிக் காட்டச் சம்மதித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வேலை அறையில் ஏசி கிடையாது.

"அண்ணே, கொஞ்ச நேரம் ஏசிய நிறுத்துங்களேன்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே நிறுத்தினார். கடைக்கு வந்திருந்தவர்களும் வேர்க்க வேர்க்கத் திரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

முதலில் என் கார்டு. எங்கள் வீடியோவை ஓடவிட்டதும் அறுவடை மெஷின் போல இரைந்தது. சூடு ஏற ஏற வேகம் குறைந்தது. அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அடுத்து அவளுடையது. குளுகுளுவென்று பறந்தது. ஆனால் அகலம் அதிகம். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு, கேபினெட்டின் கதவை மூடவே விடவில்லை. இப்போது என் முறை. நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"இத ஒரு தடவ போட்டுப் பாக்கலாமாங்க?" என்று கடைக்காரர் இன்னொரு கம்பெனியின் கார்டை எடுத்து வந்தார். மூன்று விசிறி, விளக்கே இல்லை, கறுப்பாக இருந்தது. விலை இரண்டுக்கும் நடுவில். நாங்கள் திரும்பியும் பார்க்காத கம்பெனி.

கச்சிதமாக உள்ளே உட்கார்ந்தது. சத்தம் கேட்கிறதா என்று அக்கா காதைக் கிட்டே கொண்டுபோனாள். சூடு ஓரிடத்தில் ஏறி அப்படியே நின்றது. வேகத்தில் விளக்குக் கார்டுக்கு மயிரிழைதான் பின்தங்கியது.

"ரிப்பேர்னா எங்கண்ணே அனுப்பணும்?" என்று கேட்டேன்.

"திருச்சியிலயே சர்வீஸ் இருக்குங்க. வாரண்டியும் இதுக்குத்தான் கூட."

அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். "இதாண்டி!" என்றாள். நின்றிருந்தவர்களில் ஒருவர் கைதட்டியே விட்டார்.

அன்று மாலை வீட்டில் அந்தக் கார்டில் முதல் வீட்டைத் திறந்தோம். சுட்டியை நகர்த்திய கணமே கதவு வந்தது, கூடத்துத் தரையில் வெயில் விழுந்தது, மாடிப்படி ஏறியது. காத்திருக்கவே தேவையில்லை. "குடுக்கா, நான் ஒரு தடவ!" என்று கெஞ்சினேன். அக்கா தரவில்லை. ஒவ்வொரு அறையாக நுழைந்து, சன்னலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.