உடையாத கண்ணாடி

நாங்கள் இணையத்தில் விற்ற அலுமாரியை எடுக்க, மூன்று கிழமை கெஞ்சியபின் கூரியர் லொறி எங்கள் ஊரான உன்னிச்சைக்கு வந்தது. ஏற்றிக் கட்டியதும் சாரதி ஆங்கிலப் படிவமொன்றை நீட்டினார்.

"கையெழுத்து வைங்க தம்பி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாசித்தேன். அலுமாரிக் கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்ததாம்.

"அண்ணன், இந்தக் கண்ணாடியில உங்கட முகம் முழுசாத்தானே தெரியுது?"

"எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுற. வழியில உடைஞ்சா நாங்க பொறுப்பெடுக்கேலாது. நீங்க என்ன லோயரோ?"

கைநாட்டு வைத்தே பழகிய அப்பா, "வெச்சுடு மனே, தூரத்தால வந்தவங்க" என்றார். நானும் பேனையைத் திறந்துவிட்டேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் எழுதியிருந்ததை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பா லொறியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார்.

வாங்கியவர் வேறு அலுமாரி பார்த்துவிட்டார். எங்களுடையது இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. நிற்கட்டும். நடக்காததை நடந்ததென்று ஒப்புக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாமானும் போகத் தேவையில்லை.