நேற்று ஆர் தலை இழுத்தது?

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு டெண்டர் அறிவித்தல் வெளியாக வேண்டும். அதில் நான் விட்டிருந்த பிழையைச் சனிக்கிழமைதான் கண்டுபிடித்தேன்.

அப்போது பாரிஸ் புறநகர் ஒன்றின் நகரசபையில், கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. பேனாவிலிருந்து பள்ளிக்கூடச் சாப்பாடு வரை எல்லாவற்றுக்கும் கோப்புத் தயாரிப்போம். அந்த வருடம் வாங்கவிருந்தது மனிதரின் நேரம். கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களின் வீடுகளுக்கு ஒரு நிறுவனம் உதவியாளர்களை அனுப்ப வேண்டும். யாருக்கு என்ன உதவி தேவை என்று குடும்பங்களிடம் கேட்டு, ‘காஹியே தெ ஷார்ஜ்’ என்கிற நிபந்தனைப் பத்திரத்தில் நாங்கள் எழுத வேண்டும். தமிழ்க் குடும்பங்களை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையும் புளுகமும்தான்.

சாமினிக்கு இருபத்துமூன்று வயது. வீடு எங்கள் நகரசபை எல்லைக்குள். தாய் கமலா அக்காவுக்கு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-தெ-ஜிரார் தெருவில், சின்னப் புடவைக்கடை. அங்கேயே போய், பக்கத்தில் சாமினி விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க, படிவத்தைத் தமிழில் வாசித்தேன். தானே குளிப்பாவா? ஓம். தானே உடுப்பாவா? ஓம். தானே சீப்பெடுத்துத் தலை இழுப்பாவா? ஓம் தங்கச்சி, என்ர பிள்ளை எல்லாம் செய்வா. நான் பெட்டிகளில் புள்ளடி போட்டேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. ‘காலை உதவி தேவையில்லை’ என்ற பட்டியலில் சாமினியின் பெயர் ஏறியது.

சனிக்கிழமை பிளவுஸ் துணி வாங்க அதே கடைக்குப் போனேன். கடையின் பின்பக்கம் கமலா அக்கா ஒரு கையால் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைத் தெறிகளையும் அவரே பூட்டிவிட்டார்.

“அக்கா, எல்லாம் தானே செய்வா எண்டனீங்களெல்லே?” என்று கேட்டேன்.

அக்கா என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அவளை வைச்சுக்கொண்டு கேட்டால் நான் வேற என்னத்தைச் சொல்லுறது? என்ர பிள்ளைக்கு ஒண்டும் ஏலாதெண்டு அவளின்ர காதுபடச் சொல்லச் சொல்லுறீரோ?”

முழங்கால் ஒப்பரேஷனுக்கு டாக்டர் இரண்டு தரம் திகதி கொடுத்தாராம். இரண்டு தரமும் அக்கா போகவில்லை. ஒரு மாதம் குனியக் கூடாது என்றால், காலையில் சாமினியை யார் உடுத்தி வெளிக்கிடுத்துவது?

எனக்கு என் மேலேயே பத்திக்கொண்டு வந்தது. வெளியாட்களுக்கு முன்னால் எங்கள் சனம் பிள்ளையை விட்டுக்கொடுக்காது என்று எனக்குத் தெரியாதா? தமிழ் தெரியும் என்றுதானே என்னை அனுப்பினார்கள்!

திங்கள் எட்டு மணிக்கே பிரிவுத் தலைவியான என் ஷெஃப்பின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அந்த மனுஷி என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல பேச்சு விழுந்தது. ஆனால் அறிவித்தலை நிறுத்தி, அடுத்த திங்கள் வரை ஒரு கிழமை தந்தார்.

இந்த முறை ‘செய்வாவா’ என்ற சொல்லையே படிவத்திலிருந்து தூக்கினேன். அக்காவைக் கடையின் பின்பக்கம் தனியாக இருத்தி, நேற்று நடந்ததை மட்டும் கேட்டேன். நேற்று ஆர் தலை இழுத்தது? நான். ஆர் தெறி பூட்டினது? நான். ஆர் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனது? நான். ஏழாவது ‘நான்’ வந்தபோது அக்கா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிப் பேனா ஓடவில்லை.

எழும்பிப் போகும்போதுதான் உறைத்தது, முன்னால் நின்ற சாமினியை யாருமே கேட்கவில்லை. காலையில் உமக்கு என்ன வேணும் என்று பிரெஞ்சில் கேட்டேன். விலைச்சீட்டிலிருந்து தலை நிமிராமல் அவளும் பிரெஞ்சிலேயே சொன்னாள், தன் தலையைத் தானே இழுக்க வேண்டுமாம், அம்மா விடுகிறா இல்லையாம்.

பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: உதவியாளர் செய்து கொடுக்கக் கூடாது, பக்கத்தில் நின்று பழக்க வேண்டும். ஷெஃப் அதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். படிவம் நிரம்பினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கேட்கும்போது அறையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் கேளுங்கள்.

காலையில் உதவியாளர் வரத் தொடங்கியபின் அக்கா ஒப்பரேஷனுக்குப் போனார். அது முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, அக்கா ஊன்றுகோலோடு சாமினியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

“இவள் தானே பிரிச்ச உச்சியைப் பாத்தீரே, எவ்வளவு கோணல். எனக்குக் கை துருதுருக்குது” என்றார்.

சொல்லிவிட்டு, ஊன்றுகோல் பிடிக்காத கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.