விமானி குணாவும் காந்தப் பிள்ளையாரும்

போன ஞாயிற்றுக்கிழமை பாகான் செராயில் ஒரு கல்யாணம். ஈப்போவிலிருந்து குணாவின் புதுக் காரில் போவதாக ஏற்பாடு. புதுக் கார் ஆயிற்றே, வெறும் கையோடு ஏறலாமா? எங்கள் வட்டாரமான சிலிபினில், கோயில் பக்கத்துக் கடையில் ஒரு குட்டிப் பிள்ளையார் வாங்கிக்கொண்டேன். அடியில் காந்தம் வைத்தவர். டாஷ்போர்டில் 'டக்'கென்று உட்கார்ந்துகொள்வார்.

ஒட்டப் போனேன். குணா பாய்ந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, காந்தம் மட்டும் வேணாம்ணே!"

"உன் காடிக்குத்தானடா வைக்கிறேன். பிளேனுக்கா வைக்கிறேன்?"

பையன் முகம் செத்துப்போயிற்று. ஆஹா... இதில் ஏதோ கதை இருக்கிறது. விடுவேனா? தைப்பிங் தாண்டுவதற்குள் கக்க வைத்துவிட்டேன்.

குணாவை உங்களில் பலருக்குத் தெரியாது. அப்பா, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அக்கா ஜெலாப்பாங் ஃபேக்டரியில் வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தார். இன்றைக்கு அவன் ஐம்பது பேர் ஏறும் விமானத்தில் துணை விமானி. சிலிபினே மாலை போட்டது. நானும் ஒன்று போட்டேன்.

சம்பவம் நடந்தது அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கூடப் பறக்கும் கேப்டன் 'இவன் சரிப்பட மாட்டான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நிலையில் முதல்முறையாகச் சொந்த ஊரான ஈப்போவுக்கே ஓட்டி வரும் வாய்ப்பு. அக்கா முன்கூட்டியே பிள்ளையாரைக் கையில் திணித்திருந்தார்.

"மாமா லாரிக்கு வச்சோம், உன் மோட்டர் சைக்கிளுக்கு வச்சோம். இம்மாம் பெரிய பிளேனுக்கு வேணாமா? ஒட்டிட்டுத்தான் வரணும், ஆமா!"

கோலாலம்பூரில் கிளம்பும்போது பிள்ளையார் பாக்கெட்டில்தான் இருந்தார். மேலே போனதும் ஆட்டோ பைலட்டைப் போட்டார்கள். கேப்டன் எழுந்து பாத்ரூம் போனார். விமானம் தானாக ஓடுகிறது, குணாவின் கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற தமிழன் கை எதையாவது செய்யாமல் இருக்குமா?

ஆனால் எங்கே ஒட்டுவது? விமானம் முக்கால்வாசி அலுமினியம், காந்தம் பிடிக்காது. பிள்ளையார் வைத்த இடத்திலெல்லாம் வழுக்கினார். தேடித் தேடிக் கடைசியில், முன் கண்ணாடி ஓரம் வெயில் மறைப்பு தொங்கும் இரும்புக் கம்பி அகப்பட்டது. டக்! கட்டைவிரல் உயரம்தான். கேப்டன் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதற்குப் பக்கத்திலேயே என்ன தொங்கியது தெரியுமா? காந்த ஊசித் திசைகாட்டி.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆட்டோ பைலட் நம்புவது மின்சாரத் திசைகாட்டியை. அது கேப்டனுக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று. இவை போக, நடுவில் ஒரு பழைய காம்பஸ் தொங்கும். அதற்குக் கரண்டும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். எல்லாம் கைவிட்டாலும் அது கைவிடாது என்பது விமானிகளின் வேதவாக்கு.

கேப்டன் லிம் திரும்பி வந்து உட்கார்ந்தார். விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் கேப்டனின் மின்சாரக் கருவியில் சிவப்புக் கொடி விழுந்தது. 'நான் அவுட், என்னை நம்பாதே' என்று அர்த்தம். பயமில்லை, குணாவுடையது இருக்கிறதே. எதற்கும் பழைய காம்பஸோடு ஒத்துப் பார்ப்போம் என்று பார்த்தார் கேப்டன். இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

அவர் பேசியது இங்கிலீஷும் மலாயும் கலந்து. நம்ம பாஷையில் போடுகிறேன்.

"அலாமா! உன்னுதும் ரொசாக், கெட்டுப்போச்சு. கரண்டு சாமானே இப்படித்தான்லா. பழசுதான் பொய் சொல்லாது."

ஆட்டோ பைலட்டை அணைத்தார். பழைய காம்பஸைப் பார்த்துக் கையாலேயே வலது பக்கம் திருப்பினார். வலது பக்கம் என்ன இருக்கிறது என்று ஈப்போக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்... மலைத்தொடர். அதுவும் மேகத்தால் போர்த்தியபடி.

ஈப்போவின் ரேடியோ சிக்னலைக் காட்டும் ஊசி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. "இதுவும் ரொசாக்!" என்றார் கேப்டன்.

கேப்டனைக் குறை சொல்லாதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? புது ரைஸ் குக்கர் 'டிக்' என்று சொன்ன பிறகும், மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்காமல் இறக்குகிறோமா? மெஷினும் பழசும் சண்டை போட்டால் நம் ஓட்டு பழசுக்குத்தான். மெஷின் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குணாவுக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தான். காம்பஸுக்குப் பக்கத்தில், தும்பிக்கையை வளைத்துக்கொண்டு நிம்மதியாக வீற்றிருந்தார் விநாயகர்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்... பின்னால் ஐம்பது பேர்.

"கமுக்கமா எடுத்து பாக்கெட்டுல போட்டிருக்கலாமேடா?" என்று கேட்டேன்.

"தோணுச்சுண்ணே. ஆனா காம்பஸ் திடீர்னு திரும்புனா, அதுவும் ரொசாக்குனு முடிவு பண்ணிருவாரு. அப்புறம் எத நம்பி ஓட்டுவாரு? சொல்லித்தான் ஆவணும்."

சொல்லிவிட்டான். "கேப்டன், மெஷின் சரியாத்தான் இருக்கு. காம்பஸ் பக்கத்துல என் சாமிய வச்சிட்டேன். அடியில காந்தம்!"

பிள்ளையாரைப் பிடுங்கினான். காம்பஸ் மெல்லத் திரும்பி, குணாவின் மின்சாரக் கருவி காட்டிய திசையிலேயே வந்து நின்றது. கேப்டன் விமானத்தை உயர ஏற்றி இடது பக்கம் திருப்பினார். ஆட்டோ பைலட்டை மறுபடி போட்டார். ஈப்போவில் இறங்கும்வரை வேலை சம்பந்தப்படாத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. குணா மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டான்.

பயணிகள் இறங்கிய பிறகு கேப்டன் கையை நீட்டினார். பிள்ளையாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து, நாலாய் மடித்த மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தார். சீனர் குகைக் கோயிலில் மந்திரித்தது.

"எங்கம்மா குடுத்தது. பாரு, பேப்பர்லா! சாமி கொண்டாந்தா இந்த மாதிரி கொண்டா."

சிரிப்பதா வேண்டாமா என்று குணாவுக்குத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"கம்பெனியில நடந்தத அப்படியே சொல்லுவேன். நான் மலைப் பக்கம் திருப்புனதயும் சேத்து. நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னியோட உன் வேலை காலி. தொறந்துட்ட... நாளைக்கும் என்கூடத்தான் வர்ற."

குணாவுக்கு அழுகையே வந்துவிட்டதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் அக்கா.

"ஒட்டுனியா?"

"ஒட்டுனேங்க்கா."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? அவருதான் உங்கள பத்திரமா கொண்டாந்து எறக்கியிருக்காரு!"

கேப்டனிடம் திறந்த வாய் அக்காவிடம் திறக்கவில்லை. இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லையாம். மலைக்குப் பயப்படாதவன்கூட அக்காவுக்குப் பயந்துதான் ஆகவேண்டும்.

அக்கா பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர்... குணா, கொஞ்ச நாளைக்கு சிலிபின் பக்கம் வந்துடாதடா தம்பி!