வியட்நாம் மேடத்துக்கு எதிராக ஒரு புகார்

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு நெல் பதப்படுத்தும் பாடம் எடுக்க வியட்நாமிலிருந்து ஒரு மேடம் வந்தார். தஞ்சாவூருக்கு வெளியே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த கல்லூரி. அவர் பேசிய ஆங்கிலத்தில் பல சொற்களுக்குக் கடைசி ஒலியே இருக்காது. முதல் இன்டர்னல் தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. அந்தப் பாதியில் நானும் இருந்தேன். படிக்கவில்லை என்று வெளியே சொல்ல முடியாது. உச்சரிப்பு புரியவில்லை என்று சொல்லலாம்.

புகார்க் கடிதத்தை நான்தான் எழுதினேன். இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்தவன் என்பதை வகுப்புக்கு அடிக்கடி நினைவூட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான். கையெழுத்துப் போடும்போது பேராவூரணி நண்பன் மட்டும் கேட்டான்.

“ஏன்டா, அந்தம்மா அடுத்த செமஸ்டர் இருக்கணுமா வேணாமான்னு இத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். நெசமாவே உனக்கு ஒண்ணும் புரியலையா?”

“இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்குத்தான்டா அந்தக் கஷ்டம் தெரியும்.”

“சரிங்க தொர. அப்ப நீங்களே போய்ப் பேசுங்க.”

போனேன். முதல்வர் அறையில், லேப்டாப் திரையில், மேடத்தை வேலைக்கு எடுத்த டெல்லி அதிகாரி இருந்தார். பக்கத்து நாற்காலியில் மேடமே உட்கார்ந்திருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாள் கண்ணாடி முன் பழகிய ஆங்கிலத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அதிகாரி திரையை நோக்கிக் குனிந்து, மறுபடி சொல்லச் சொன்னார். இன்னும் வேகமாகச் சொன்னேன். அவர் முதல்வரிடம், மாணவர் தமிழில் பேச வேண்டாம், ஆங்கிலத்திலேயே பேசட்டும் என்றார். நான் பேசியது ஆங்கிலம்தான் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் மனம் வரவில்லை.

மேடம் திரைப் பக்கம் திரும்பினார். என் புகாரை வரிசையாக, நிதானமாகச் சொன்னார்: சொற்களின் முடிவை விழுங்குகிறார், பலகையில் எழுதுவதில்லை, அதனால் பாதி வகுப்பு தேறவில்லை. எதையும் விடவில்லை, குறைக்கவுமில்லை. பலகை விஷயம் உண்மைதான், இனி எழுதுவேன் என்று முடித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதிகாரி தலையசைத்தார். கடைசியில், இவர் பேசுவது நன்றாகப் புரிகிறதே, அடுத்த செமஸ்டரும் இவரே இருக்கட்டும் என்றார்.

இப்போது நான் நிருபர். ஒருவர் சொன்னதை அவ்வளவு நேர்மையாக, அதுவும் தனக்கு எதிராகவே, நான் இன்னும் எழுதியதில்லை.

வெளியே பேராவூரணிக்காரன் காத்திருந்தான்.

“என்ன தொர, டெல்லிக்காரருக்குப் புரிஞ்சுதா?”

“எல்லாமே புரிஞ்சுதுடா.”

யார் சொல்லிப் புரிந்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மேடம் பலகை நிறைய எழுதினார். இரண்டாம் இன்டர்னலில் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் தேறினார்கள். நான் தேறவில்லை.