மதாமின் குடும்ப மூக்கு

எழுபதுகளின் கடைசியில், நான் வேலை பார்த்த பஞ்சாலை அடிக்கடி மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் சினிமா பேனரும் கடைப் பலகையும் எழுதிப் பிழைத்தேன். முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு நான் வரைந்திருந்த பெண் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்கார மதாம் ஆள் அனுப்பினார்.

கடற்கரையை ஒட்டிய தெருவில் பெரிய வீடு. அதில் தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சுக்காரர், இறந்து வெகுகாலம். மதாம் பிறப்பால் கிரேக்கர். தமிழும் பிரெஞ்சும் கலந்துதான் பேசுவார். பள்ளியில் நானும் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவன் என்பதால் சமாளித்தேன்.

"எங்க குடும்பம் ரொம்பப் பழசு. பெரியவங்க படமெல்லாம் எங்க நாட்டுல நடந்த சண்டையில வீட்டோட எரிஞ்சி போச்சி. நான் சொல்றேன், நீ போடு" என்றார்.

ஐந்து பேரை வரையச் சொன்னார். சக்கரவர்த்தியையே எதிர்த்துப் பேசிய ஒரு பிஷப். சில நூற்றாண்டு கழித்து, சுல்தானின் அரண்மனையில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, கடைசியில் தலையை இழந்த ஒருவர். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று தன் கப்பலுக்குத் தானே தீ வைத்த கேப்டன். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு அம்மாள். கொள்ளைநோய் பரவிய ஊரைவிட்டு வெளியேறாத மருத்துவர். இந்த மருத்துவர்தான் மதாமின் தாத்தா. எல்லோருக்கும் ஒரே மூக்கு என்றார். நடுவில் எழும்பி, நுனியில் லேசாக இடப்பக்கம் சாயும் குடும்ப மூக்கு.

அந்த மூக்கு என்னைப் படுத்திய பாடு! பிஷப்பை முடித்துக் காட்டினேன். "நோன், இது எங்க மூக்கு இல்ல." மாற்றினேன். "நோன்." உங்கள் மூக்கைப் பார்த்தே போடட்டுமா என்று கேட்டேன். தன் மூக்கு அம்மா வழி, அது உதவாது என்றார். பிறகு நான் எந்த மூக்கைப் பார்த்துப் போடுவது? மொழிபெயர்ப்பாளரை எத்தனை முறை திருத்தினேனோ, சாயம் ஏறி ஏறி அவர் மூக்கு கித்தான்மேல் புடைத்து நின்றது.

கேப்டனுக்காக கனகசெட்டிக்குளத்திலிருந்து என் சிநேகிதன் ஒருவனை அழைத்துவந்து நிற்கவைத்தேன். மீன்பிடிக்கிறவன். கடலைப் பார்த்த கண் வேண்டுமே என்று நினைத்தேன். படத்தைப் பார்த்ததும் மதாம் முகம் சுளித்தார்.

"இவன் மீன் புடிக்கிறவன் மாதிரி இருக்கான்."

"அவன் மீன் புடிக்கிறவன்தான் மதாம்."

"எங்க கேப்டன் அப்படி இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். "இன்னாங்க, கிரேக்கன் மூக்கு இன்னிக்காவது நேராச்சா?" என்று என் மனைவி கேட்பாள். நேராகக்கூடாது, சாயவேண்டும் என்று நான் கத்துவேன். சோற்றுத்தட்டில்கூட மூக்குதான் தெரிந்தது.

சலித்துப்போய், பள்ளிக்கூடத்து அம்மாளுக்கு மட்டும் என் மனைவியின் முகத்தையே போட்டேன். நிறத்தை வெளுப்பாக்கி, தலையில் ஒரு துணியைச் சுற்றிவிட்டேன், அவ்வளவுதான். மதாம் வெகுநேரம் பார்த்தார். "இது சரி" என்றார். அந்த அம்மாளின் படத்தை அவர் பார்த்ததே இல்லையாம். பேரை மட்டும் கேட்டிருக்கிறாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மருத்துவர் மிச்சமிருந்தபோது மதாமின் அண்ணன் மகன் பிரான்சிலிருந்து வந்தார். அப்பாவின் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு பழைய போட்டோவை நீட்டினார். அந்த மருத்துவர்தான். சப்பை மூக்கு. எந்தப் பக்கமும் சாயவில்லை.

"பாருங்க மதாம்!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெளிச்சம் சரியில்லாம எடுத்திருக்காங்க. தாத்தா மடியில உக்காந்தவ நான்."

எனக்கும் வீம்பு வந்தது. போட்டோவை வைத்துக்கொண்டு அச்சு அசலாக அந்த முகத்தைப் போட்டேன். நான் வரைந்ததிலேயே உயிருள்ள முகம் அதுதான், இன்றும் சொல்வேன். மதாம் வந்து பார்த்தார். என் டர்பன்டைன் துணியை எடுத்து, ஈரம் காயாத மூக்கை அழுத்தித் துடைத்தார். கன்னம், மீசை எல்லாம் சேர்ந்து வழிந்தது. பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு வெளியே நடந்தேன். அதற்குப்பின் கூப்பிட்டனுப்பியும் நான் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதாமுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அண்ணன் மகனே மறுபடி வந்து தன்னோடு அழைத்துப் போனார். கிளம்பும் முன் என்னைத் தேடி முதலியார்பேட்டைக்கு வந்தார். "அத்தை ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கறாங்க. மத்ததெல்லாம் நீ வச்சிக்கோ" என்றார்.

ரிக்‌ஷாவில் நாலு கிரேக்கர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சுவரோரம் சாய்த்துவைத்தேன். மனைவி ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அஞ்சு பேருன்னு சொன்னீங்களே. பொம்பள எங்க?"

"அத பிரான்சுக்கு எடுத்துக்கினு போறாங்க."

முகத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தாலும் அவள் படம் அது என்று அப்போதுதான் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என்ன ஒரு வார்த்த கேக்காம என் மூஞ்ச எப்படிக் குடுத்த? யாரோ என் மூஞ்சப் பாத்து அவங்க பாட்டின்னு கும்புடணுமா?"

மதாமைக் கேட்டு வாங்கி வா என்றாள். விடாமல் சொன்னதால் மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக்கிடந்தது. காலையிலேயே மெட்ராசுக்கு காரில் கிளம்பிவிட்டார்கள் என்றான் காவல்காரன். அதைச் சொன்னதும் மனைவி அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மருத்துவரின் வழிந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.